பிரித்தலும் பொருத்தலும்

வில்லாளனை உலகம் போற்றும். அவன் எய்த கணை இலக்கின் நடுவைத் தைத்தபோது எழும் ஆரவாரம் அவனுக்கே உரியதாகும். முதல்நாள் இரவு அந்தக் கணையின் முனையைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்திக் கொடுத்தவனை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நினைத்தார்கள். ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்றும், நன்னோக்கத்தோடு அதனைச் செய்தவரும், எய்தவரும், எய்பவர் கையில் எடுத்துக் கொடுத்தவருமே அம்மூவர் என்றும் பொருள்படும் நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. எய்தவர் ஒருவர்; நற்கூலி பெறுவோர் மூவர். இந்தக் கணக்கைப் படித்த நாள் முதலாக, அம்பைச் செப்பனிடும் சிறு தொழிலை நாம் சிறிதென எண்ணியதில்லை.

தமிழ் பயிற்றும் நமக்கும் கார்பன் அம்புக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். கணை, வாளி, பகழி, சரம், கோல் என்று அம்புக்குத் தமிழில் எத்தனை பெயர் என்பதை வகுப்பில் கூறிக்கொண்டிருந்த நாம், மாலை வேளைகளில் ஒரு பயிற்சிக் களத்துக்குச் சென்றுவரத் தொடங்கினோம். பெயர்களை அறிந்திருந்த நமக்கு அங்கேதான் பொருளின் அறிமுகம் கிடைத்தது. நாளடைவில், அங்கே பயிலும் இளைஞர்களின் பழுதுபட்ட அம்புகள் நம் மேசைக்கு வந்து சேரலாயின. அந்த மேசையில் கற்றவற்றுள் சிலவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இன்றைய போட்டி அம்பு மரத்தாலோ மூங்கிலாலோ ஆனதன்று. தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணிய கார்பன் இழைகளை எபாக்சி என்னும் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த மெல்லிய குழல் அது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியையொட்டி அறிமுகமான எக்ஸ்10 என்னும் வகையில், உள்ளே மெல்லிய அலுமினியக் குழலும் அதன்மேல் கார்பன் உறையும் அமைந்திருக்கும். நடுவில் சற்றே பருத்தும் இரு நுனிகளில் சிறுத்தும் இருக்கும். இந்தக் கோலின் தலைப்பக்கம் உலோக முனை. வால்பக்கம் நாணைக் கவ்விக்கொள்ளும் பிளவுடைய சிறிய பிளாஸ்டிக் உறுப்பு. அதற்குச் சற்று முன்னே மூன்று இறகுகள். விளையாட்டுத் துறையினர் அந்த வாலுறுப்பை 'நாக்' என்பர். நாம் நாண்கவ்வி என்று அழைப்போம்.

இந்த நான்கு உறுப்புகளுள் கோலே உயிர். ஏனைய மூன்றும் தேயும், வளையும், கிழியும், மாற்றிக்கொள்ளலாம். கோலுக்குச் சேதம் நேர்ந்தால் மாற்று மருந்தில்லை. எனவே அம்பைச் செப்பனிடும் கலை முழுவதையும் ஒரே தொடரில் அடக்கிவிடலாம்: கோலுக்குத் தீங்கு நேராமல் மற்றவற்றைப் பிரிக்கவும் பொருத்தவும் வேண்டும். தொடர் எளிது. செயல் அத்துணை எளிதன்று.

எழுபது மீட்டர் தொலைவில் 122 செண்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு நிற்கிறது. அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செண்டிமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயும் கணை அந்தச் சிறு வட்டத்தை நாட வேண்டுமெனில், தொகுதியிலுள்ள அம்புகள் அனைத்தும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். முனையின் எடையைக் கிரெயின் என்னும் நுண்ணளவால் குறிப்பர். 120 கிரெயின் என்பது ஏறத்தாழ 7.8 கிராம்தான். அதில் சில கிரெயின் கூடினாலோ குறைந்தாலோ எழுபது மீட்டரில் கணை ஏறும் அல்லது தாழும். ஆகவே ஓர் அம்பைச் செப்பனிடுவது என்பது அதன் உடன்பிறப்புகளோடு அதனை மீண்டும் ஒப்புரவாக்குவதே ஆகும்.

முனையைக் கழற்றும் முறையை முதலில் கூறுவோம். முனையின் அடிப்பகுதி நீண்ட தண்டாகக் கோலின் உட்புறத்தே நுழைந்து, சூட்டில் இளகும் பசையால் பிடிப்புண்டிருக்கும். பசையை இளக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பமே கோலுக்குப் பகை. எபாக்சிப் பிசின் அளவுமீறிச் சூடேறினால் இழைகளின் மீதுள்ள தன் பிடியை விட்டுவிடும். அதன்பின் கோல் வெளித்தோற்றத்தில் முன்போலவே கருத்து மினுங்கும். உள்ளே வலிமை இராது. கண்ணுக்குப் புலப்படாத இந்தக் கேடே மிகக் கொடியது.

புதிதாக வருவோர் அடுப்புச் சுடரில் அம்பின் தலையை நேரே காட்ட முற்படுவர். அது கூடாது. சுடரையே பயன்படுத்த நேரின், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனையின் நுனியில் மட்டும் சில நொடிகள் காட்டி, வெப்பம் தானே தண்டின் வழியாக உள்ளே பரவக் காத்திருக்க வேண்டும். நாம் விரும்புவது அதனினும் மென்மையான வழி. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் முனையை அமிழ்த்தி வைக்கிறோம். எவ்வளவு கொதித்தாலும் நீரின் சூடு 100 பாகையைத் தாண்டாது. வரம்பு மீறாத நெருப்பு அது. சிறிது நேரம் கழித்து எடுத்து, தடித்த துணி சுற்றிய குறடால் முனையைப் பற்றி, கோலை மறு கையால் பிடித்து, மெல்லத் திருகிக்கொண்டே இழுத்தால் முனை வழுக்கி வரும். வரவில்லையெனில் வலிமையைக் கூட்டுதல் ஆகாது. மீண்டும் வெந்நீருக்கே செல்ல வேண்டும். முனையை அடுத்துள்ள கோலின் பகுதி விரலால் தொடமுடியாத அளவு சுட்டால், சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். விரலே இங்கே வெப்பமானி.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கோல் வெற்றுக் குழல். அதன் உள்ளே காற்று இருக்கிறது. வால் அடைபட்டிருக்கச் சூடேற்றினால், விரிந்த காற்று முனையைத் திடீரென்று உந்தித் தள்ளக்கூடும். பொருத்தும்போது அதே காற்று முனையை முழுமையாக நுழையவிடாமல் எதிர்க்கும். ஆகவே நாண்கவ்வியை முதலில் எடுத்துவிட்டே தலைப்பக்கத்தில் கைவைக்க வேண்டும். முனையை எவர் முகத்துக்கும் எதிரே நீட்டலாகாது என்பதும் நினைவிற்குரியது.

சிலர், முனை ஒருபோதும் கழன்றுவிடக் கூடாது என்னும் ஆர்வத்தால், இருபகுதி எபாக்சிப் பசையைக் கலந்து ஊற்றி முனையை நிலையாக ஒட்டிவிடுவர். ஒட்டிய அன்று அது பெருமிதம் தரும். முனை வளைந்த நாளில்தான் அதன் விளைவு தெரியும். அந்தப் பசையை இளக்கத் தேவைப்படும் சூடு, கோலின் பிசினையும் சேர்த்தே கெடுத்துவிடும். இரண்டும் ஒரே குலத்துப் பொருள்களன்றோ! ஏழு எட்டு கிராம் உலோகத்தை இறுகப் பிடித்த குற்றத்துக்காக முழு அம்பும் குப்பைக்குப் போன நிகழ்ச்சிகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 1991ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள்ளிருந்து 5000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு மனிதனின் உடல் வெளிப்பட்டது. 'ஏட்சி' என்று பெயரிடப்பெற்ற அம்மனிதனின் தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் 12 முற்றுப்பெறாத கோல்கள். இரண்டில் மட்டுமே கல்முனையும் இறகும் பொருத்தப்பெற்றிருந்தன, அவையும் முறிந்திருந்தன. முனையையும் இறகையும் பிடித்து நின்றது பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுத்த தார். அந்தத் தார் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். இன்று நம் மேசையிலுள்ள பசைக்கட்டியின் இயல்பும் அதுவே. விலங்குகளின் தோலிலிருந்தும் நரம்பிலிருந்தும் காய்ச்சியெடுத்த பழைய பசைகளும் ஈரமும் சூடும் பட்டால் நெகிழ்பவை. வயலின் செய்வோர் இன்றும் அத்தகைய பசையை விரும்புவதன் காரணம், உள்ளே பழுது நேர்ந்தால் மேற்பலகையை உடைக்காமல் திறக்கலாம் என்பதே. பறக்கும்போது பிடிவிடாமலும், திருத்தும்போது பிடிவாதம் செய்யாமலும் இருக்கும் பிணைப்பே நல்ல பிணைப்பு என்பது அக்கைவினைஞர்களின் முடிபு. குடும்பத்தையும் சங்கத்தையும் நடத்துவோர் சற்றே நின்று எண்ணிப் பார்க்கத்தக்க முடிபு அது.

பொருத்தும் வேலைக்கு வருவோம். கோலின் உட்புறத்தில் பழைய பசையும் நுண்ணிய கார்பன் தூளும் தங்கியிருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, பஞ்சு வெள்ளையாகத் திரும்பிவரும் வரை துடைக்க வேண்டும். வெந்நீரில் இட்ட அம்பெனில் உட்புறம் நன்கு உலர வேண்டும். ஈரத்தின்மேல் பசை பிடிப்பதில்லை. புதிய முனையின் தண்டினை நுண்ணிய உப்புத்தாளால் சற்றே உரசி, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, நுனியைச் சூடாக்கிப் பசைக்கட்டியைத் தண்டெங்கும் தடவ வேண்டும். பின்னர்க் கோலினுள் திருகிக்கொண்டே செலுத்தினால் பசை எப்புறமும் ஒரு சீராகப் பரவும். வெளியே பிதுங்கியதை ஆறிய பின் நகத்தாலேயே உரித்தெடுக்கலாம். நிறைவாக, அம்பை மேசைமீது உருட்டிவிட்டு முனை ஆடுகிறதா என்று நோக்க வேண்டும். ஆடும் முனை, பறக்கும்போதும் ஆடும்.

வால்பக்கத்துக்கு வேறு முறை. மெல்லிய போட்டி அம்புகள் பலவற்றில், கோலின் வாலில் சிறிய அலுமினிய ஊசி ஒன்று செருகப்பெற்றிருக்கும். அதன்மேலேயே நாண்கவ்வி அமரும். முன்னே தைத்து நிற்கும் அம்பின் வாலில் பின்னே வரும் அம்பு மோதுவது தேர்ந்த வில்லாளர்களிடையே அவ்வப்போது நிகழ்வது. அவ்வேளையில் கவ்வி நொறுங்கும், ஊசி வளையும். பெரும்பாலும் கோல் தப்பும். தான் வளைந்து தலைவனைக் காக்கும் ஏவலன் என்று அந்த ஊசியைக் கூறலாம். கவ்வியைக் கையாலோ அதற்கென உள்ள சிறு கருவியாலோ திருகி எடுக்க வேண்டும். இரும்புக் குறடு கோலைக் கடிக்க இடந்தரலாகாது. அது பதிக்கும் சிறு வடுவே பின்னாளில் பிளவாகும். கவ்வியில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் அதனை எறிந்துவிட வேண்டும். நாணை விடும் கணத்தில் கவ்வி உடைந்தால் வில்லின் ஆற்றல் முழுவதும் அம்பைச் சேராமல் வில்லுக்கே திரும்பும். வில்லின் கைகளும் சேதமுறும்.

இறகுகளை நீக்குவது பொறுமையின் தேர்வு. ஒட்டுநாடாவால் ஒட்டிய மெல்லிய சுருள் இறகுகள் உரித்தால் வந்துவிடும். பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் இறகுகளைக் கூர்மழுங்கிய தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். கூரிய கத்தி பசையோடு கார்பன் இழையையும் சீவிவிடும். எஞ்சிய கறையை ஆல்கஹாலோ சிறிதளவு அசிட்டோனோ தோய்ந்த துணியால் துடைக்கலாம். அசிட்டோனில் கோலை ஊறவிடுதல் தகாது. பின்னர் மூன்று இறகுகளையும் 120 பாகை இடைவெளியில், தொகுதியின் ஏனைய அம்புகளில் எவ்விடமோ அவ்விடத்திலேயே ஒட்ட வேண்டும். கோலை வெட்ட நேர்ந்தால் வேகமாகச் சுழலும் உராய்வுச் சக்கரத்தால் வெட்டுவதே முறை. அதன் தூள் மூச்சில் கலக்கலாகாதாதலின் முகமூடி அணிந்து, ஈரத்துணியால் மேசையைத் துடைத்துவிட வேண்டும்.

இவை யாவும் கைத்திறனைச் சார்ந்தவை. இனிக் கூறப்போவது மனத்திறனைச் சார்ந்தது.

ஒவ்வோர் அம்பையும் திருப்பித் தருமுன் நாம் ஒரு சோதனை செய்கிறோம். கோலின் நெடுகிலும் பஞ்சை உருட்டிச் செல்கிறோம்; எங்கேனும் பஞ்சு சிக்கினால் அங்கே இழை பிரிந்திருக்கிறது. பின்னர் இரு நுனிகளையும் பற்றி, முகத்துக்கு அப்பால் நீட்டி, கோலை மெல்ல வளைத்து, சற்றே திருப்பி, மீண்டும் வளைத்து, காதைக் கூர்மையாக்கிக் கேட்கிறோம். நல்ல கோல் பேசாது. 'கிறீச்' என்றோ 'டிக்' என்றோ ஓர் ஒலி எழுந்தால் அந்தக் கோலின் ஆயுள் முடிந்தது. அதனை அறியாமல் வில்லில் பூட்டினால், விடுபடும் கணத்திலேயே கோல் சிதறி, அதன் கூரிய சிம்புகள் வில்லைப் பிடித்திருக்கும் கையில் பாயக்கூடும். கைநரம்பு அறுபட்டவனுக்கு வில் மட்டுமன்று, பேனாவும் கனவாகிவிடும்.

ஒருமுறை, போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மாணவன் அம்பொன்றைக் கொண்டுவந்தான். தையற்கூலியில் குடும்பம் நடத்தும் தந்தையின் மகன். அவனிடமிருந்தவை ஆறே அம்புகள். ஆறும் மூன்றாண்டுச் சேமிப்பு. "முனை மட்டும் தளர்ந்திருக்கிறது, ஐயா. ஒட்டிக் கொடுத்தால் போதும்" என்றான். முனையைக் கழற்றி விளக்கொளியில் நோக்கியபோது, கோலின் வாயிலிருந்து உள்நோக்கி மெல்லிய விரிசல் ஒன்று ஓடியிருந்தது. வளைத்துப் பார்த்தோம். ஒலி எழுந்தது.

"விரிசல் முனையை ஒட்டித்தானே இருக்கிறது, ஐயா! பசை பிடித்துக்கொள்ளாதா? இந்த ஒரு போட்டிக்கு மட்டும்" என்று கெஞ்சினான்.

"தம்பி, பசை முனையைப் பிடிக்கும்; விரிசலைப் பிடிக்காது" என்றோம்.

அவன் நெடுநேரம் பேசாமல் நின்றான். ஆறு ஆறாக எய்யும் சுற்றில் ஐந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? வேறொருவரின் அம்பை ஆறாவதாகச் சேர்க்கவும் இயலாது. ஒரு சுற்றில் எய்யும் அம்புகள் அனைத்தும் ஒரே தோற்றமும் வண்ணமும் உடையனவாக இருத்தல் வேண்டும் என்பது போட்டி விதி. நண்பனொருவனின் தொகுதியை இரவல் வாங்கிச் சென்றான். அதன் விறைப்பு அவன் வில்லுக்கு மிகையாயிற்று. கணைகள் இடப்புறமாகவே சாய்ந்தன. அடுத்த கட்டத்துக்கு அவன் தேர்வு பெறவில்லை. பல வாரங்கள் நம்மிடம் முகங்கொடுத்துப் பேசவுமில்லை.

நமக்கும் அந்நாள்கள் எளியனவாக இருக்கவில்லை. ஒட்டிக் கொடுத்திருந்தால் ஒருவேளை அந்த அம்பு பன்னிரண்டு முறையும் முறியாமல் பறந்திருக்கலாம் என்று உள்ளம் வாதிட்டது. அவ்வாதத்துக்கு விடையாக நினைவில் எழுந்ததும் ஒரு நபிமொழிதான். பள்ளிவாசலில் அம்புகளோடு நடந்து சென்ற ஒருவரிடம், அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ளுமாறு அண்ணலார் பணித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அவர் எவரையும் காயப்படுத்தியிருக்கவில்லை; காயப்படுத்தும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் கூட்டத்தில் எவருக்கேனும் கீறல் நேரக்கூடும் என்னும் அந்த 'கூடும்' ஒன்றே பெருமானாருக்குப் போதுமானதாக இருந்தது. நம்மை நம்பி ஒப்படைக்கப்பெற்ற அம்பு அமானிதம் எனில், அதைப் பற்றும் கையும் அமானிதமன்றோ! பதக்கம் அடுத்த ஆண்டும் வரும். விரல்கள் அவ்வாறு மீண்டும் வருவதில்லை.

அந்தக் கோலை நாம் குப்பையில் முழுதாக எறியவில்லை. முழுதாக எறிந்த அம்பை வேறொரு சிறுவன் பொறுக்கியெடுத்து எய்யக்கூடும். முனையையும் கவ்வியையும் ஊசியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, சக்கரத்தால் கோலை இரண்டாகத் துணித்த பின்னரே கழித்தோம். கழற்றிய உறுப்புகள் வேறு அம்புகளில் இன்னும் பறக்கின்றன. அம்மாணவன் அந்த முடிவைப் பற்றி இன்றுவரை நம்மிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் இப்போது தன் அம்புகளைத் தானே வளைத்து, காதருகே வைத்துக் கேட்கிறான். இளையோரின் அம்புகளையும் அவ்வாறே கேட்கிறான்.

வில்வித்தைக்கு இஸ்லாமிய வரலாற்றில் நெடிய மரபு உண்டு. 1453ஆம் ஆண்டு இஸ்தான்புல் நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, வில்லாளர்களுக்கென்றே அங்கு ஒரு திடலை ஒதுக்கினார். 'ஓக்மெய்தானி', அதாவது அம்புத்திடல், என்னும் பெயர் இன்றும் அப்பகுதிக்கு வழங்குகிறது. துருக்கியரின் மரபுவழி வில்வித்தையை யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டு மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அந்நாட்டு இளைஞர் மெதே காசோஸ் தனிநபர் தங்கம் வென்றார். நம் நாட்டின் ஹர்விந்தர் சிங் 2024ஆம் ஆண்டு பாரிஸ் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் வில்வித்தைத் தங்கம் வென்றார். இப்பெயர்களை நாம் அறிவோம், அறியவும் வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரின் அம்புக்குப் பின்னும், அதனைச் செய்தவரும் எடுத்துக் கொடுத்தவருமாகப் பெயர் தெரியாத கைகள் இருக்கின்றன என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் இலக்கைத் தைப்பீர்கள். பலர் பிறருக்கு அம்பெடுத்துக் கொடுக்கும் இடத்தில் நிற்பீர்கள். ஆசிரியராக, செவிலியராக, பொறியாளராக, பள்ளிவாசல் நிருவாகியாக, தாயாகத் தந்தையாக, பிறரின் வாழ்வெனும் கோல் உங்கள் மேசைக்கு வரும். சூடு தேவைப்படும் இடத்தில் அளவோடு சூடு காட்டுங்கள். வரவில்லையெனில் இழுக்காதீர்கள், காத்திருங்கள். பொருத்துமுன் துடையுங்கள். ஒட்டும்போதே, நாளை திருத்த நேரும் என்பதை நினைந்து ஒட்டுங்கள். விரிசல் கண்டால், கேட்பவர் எவராயினும், எவ்வளவு கெஞ்சினாலும், விரிசல் என்றே கூறுங்கள். அவ்வாறு கூறும் துணிவையும், கூறியபின் தாங்கும் பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!